ஊரைக் காலி செய்ய நான்கு வழிகள்: எது, எந்த மணி வரை?

பேரிடர்த் திட்டம் போட உட்காரும் குழுக்கள் பெரும்பாலும் சாலை வரைபடத்தை விரித்துத்தான் வேலையைத் தொடங்குகின்றன. எந்தச் சாலையில் எந்தப் பகுதி மக்கள் போவது, முகாம் எங்கே, வண்டி எத்தனை என்று பேச்சு அதிலேயே ஓடிவிடுகிறது. ஊரை விட்டு வெளியேறுவது பல வழிகளில் ஒன்றுதான். சில வேளைகளில் ஆபத்தைவிட அந்தப் பயணமே அதிக உயிர்களை வாங்கிவிடும். இது வரைபடத்தில் தெரியாது.

ஊர் முன் இருக்கும் வழிகள் நான்கு. மக்கள் தத்தம் வாகனத்தில் தொலைதூரம் போவது. பேருந்து வைத்துக் கூட்டாக ஏற்றிச் செல்வது. நடந்து போகும் தூரத்தில் உள்ள மேட்டுக்கோ உறுதியான கட்டடத்துக்கோ போவது. கதவை அடைத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருப்பது. நான்குமே எங்கோ ஓரிடத்தில் ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றியிருக்கின்றன. நான்குமே வேறோர் இடத்தில் தோற்றும் இருக்கின்றன. ஒவ்வொரு வழியும் ஒரு குறிப்பிட்ட மணி வரைதான் திறந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு ஒப்பிட்டால் தேர்வு தெளிவாகும்.

முதலில் இரண்டு நேரங்கள்

கையில் இருக்கும் நேரம் ஒன்று, தேவைப்படும் நேரம் இன்னொன்று. புயலுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே எச்சரிக்கை கிடைக்கும். பெரிய ஆற்றின் கீழ்ப்பகுதியில் வெள்ளம் வந்து சேரப் பல மணி நேரமாவது ஆகும். கரைக்கு அருகே கடலடி நிலநடுக்கம் வந்தால் சுனாமி அரை மணிக்குள் வந்துவிடலாம். 2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற சிற்றூருக்கு வெளியே காலை ஆறரை மணி வாக்கில் பற்றிய தீ, ஏறக்குறைய எட்டு மணிக்கெல்லாம் ஊருக்குள் வந்துவிட்டது. நச்சுவாயுக் கசிவில் நிமிடக் கணக்குதான்.

கையில் இருக்கும் நேரத்தைக் கணக்கிடுவதில் ஒரு பிழை திரும்பத் திரும்ப வருகிறது. புயல் கரையைக் கடக்கும் மணியையே கடைசி மணி என்று வைத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பல மணி நேரம் முன்பே காற்று பலத்து, பாலங்களில் உயரமான வண்டிகள் ஓட முடியாமல் போகும். தாழ்வான சாலையில் தண்ணீர் ஏறும், மரங்கள் சாயும். பேருந்து ஓட முடியாமல் போகும் மணியே உண்மையான கடைசி மணி. பின்னோக்கி எண்ணுவதை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

தேவைப்படும் நேரத்தில் நான்கு துண்டுகள் உண்டு: முடிவெடுக்க, செய்தி எல்லாரையும் சென்றடைய, மக்கள் கிளம்பத் தயாராக, சாலையில் போக. திட்ட ஏடுகளில் பெரும்பாலும் கடைசித் துண்டு மட்டுமே கணக்கிடப்பட்டிருக்கும். ஆனால் மக்கள் சைரன் கேட்டதும் கிளம்புவதில்லை. பக்கத்து வீட்டாரிடம் கேட்பார்கள், பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்து வருவார்கள், மருந்தும் பத்திரமும் தேடுவார்கள். பகலில் ஒரு மணி நேரம், நள்ளிரவில் அதற்கும் மேல் இதிலேயே போகும். இதைக் குறைக்க வேண்டுமானால் செய்தியில் மூன்று விவரங்கள் இருக்க வேண்டும்: எந்தப் பகுதி, எந்த மணிக்குள், எங்கே. "பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்" என்ற அறிவிப்பைக் கேட்டு யாரும் நகர மாட்டார்கள், எங்கே போவது என்று அதில் இல்லாததால்.

சொந்த வாகனத்தில் வெளியேறுவது

நேரம் தாராளமாக இருந்து, பெரும்பாலானோரிடம் வாகனமும் இருந்தால் அதிகம் பேரை வெளியே கொண்டுபோக இதைவிட எளிய வழி இல்லை. அரசு ஒவ்வொருவரையும் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த வழி அளவுக்கு மீறி வேலை செய்தாலும் ஆபத்துதான். 2005 செப்டம்பரில் ரீட்டா சூறாவளிக்கு அஞ்சி ஹூஸ்டன் வட்டாரத்திலிருந்து 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிளம்பினார்கள். சாலைகள் உறைந்தன, எரிபொருள் தீர்ந்தது, கடும் வெயிலில் வண்டிக்குள்ளேயே மக்கள் மயங்கினார்கள். அந்தப் பயணத்தோடு தொடர்புடைய சாவுகள் 100க்கும் மேல். காற்றும் வெள்ளமும் கொன்றவர்கள் அதைவிட மிகக் குறைவு.

அன்று சாலையில் இருந்தவர்களில் பலர் போக வேண்டிய தேவையே இல்லாதவர்கள். இந்தக் கூடுதல் கூட்டத்தை முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டும். 1979இல் அமெரிக்காவின் த்ரீ மைல் தீவு அணு உலை விபத்தின்போது 8 கிலோமீட்டருக்குள் இருந்த கர்ப்பிணிகளையும் பள்ளி வயது எட்டாத குழந்தைகளையும் மட்டுமே வெளியேறச் சொன்னார்கள். அவர்கள் சில ஆயிரம் பேர்தான். 24 கிலோமீட்டர் வட்டத்துக்குள்ளிருந்து கிளம்பியவர்களோ ஏறக்குறைய 1,44,000 பேர். ஆகவே யார் போக வேண்டும் என்பதோடு, யார் போக வேண்டாம், ஏன் வேண்டாம் என்பதையும் அதே அறிவிப்பில், அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும்.

கணக்கை ஒரு கற்பனை ஊரில் வைத்துப் பார்ப்போம். மக்கள்தொகை 20,000, வீடுகள் 5,000. பத்தில் ஏழு வீட்டில் வாகனம் உண்டு, வீட்டுக்குச் சராசரியாக 1.3 வண்டி கிளம்பும் என்றால் 4,550 வண்டிகள். வெளியே போக இரண்டு சாலை, ஒவ்வொன்றிலும் ஒரு தடம். நெரிசலில் ஒரு தடத்தில் மணிக்கு 900 வண்டி போகும் என்று வைக்கலாம். நல்ல நாளின் நெடுஞ்சாலை அளவான 2,000ஐ இங்கே போடுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும். 4,550ஐ 1,800ஆல் வகுத்தால் இரண்டரை மணி நேரம். ஆபத்து எல்லைக்கு வெளியிலிருந்தும் 30 விழுக்காடு வண்டிகள் சேர்ந்தால் 3 மணி 20 நிமிடம். ஒரு சாலையில் மரம் விழுந்தாலோ தீ குறுக்கிட்டாலோ ஆறரை மணி நேரத்துக்கும் மேல். முதல் எண்ணை மட்டும் எழுதிவிட்டுக் கோப்பை மூடுவதால்தான் திட்டங்கள் கவிழ்கின்றன. ஒரு சாலை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்ற எண்ணே முடிவெடுக்க உதவும்.

பகுதி பகுதியாக வெளியேற்றினால் நெரிசல் குறையும். பாரடைஸ் ஊரில் அப்படி ஒரு நல்ல திட்டம் இருந்தது, 14 மண்டலங்களாகப் பிரித்தும் வைத்திருந்தார்கள். தீயின் வேகத்தில் எல்லா மண்டலங்களும் ஒரே காலையில் கிளம்ப வேண்டியதாயிற்று. அந்தத் தீயில் 85 பேர் இறந்தார்கள். மண்டல முறை வேண்டாம் என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. மண்டல முறைக்குக் கையில் பல மணி நேரம் வேண்டும், அது இல்லாத ஆபத்துக்கு வேறு வழி எழுதி வைத்திருக்க வேண்டும்.

எதிர்த்தடத்தையும் வெளியேறும் திசைக்கே திறந்துவிடலாம் என்ற யோசனை எல்லாக் கூட்டத்திலும் வரும். 2005இல் கத்ரீனா சூறாவளிக்கு முன் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இது நன்றாகவே கைகொடுத்தது. ஆனால் ஒவ்வொரு நுழைவிலும் ஆளும் தடுப்பும் நிறுத்தப் பல மணி நேரம் பிடிக்கும். நான்கு தடம் மறுபடி இரண்டாகும் இடத்தில் அடைப்பு உருவாகும், அந்த இடம் ஆபத்து எல்லைக்கு வெகு தொலைவில் இருந்தாக வேண்டும். எல்லாவற்றையும்விட, எதிர்த்தடத்தை மூடினால் காலிப் பேருந்தும் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் ஊருக்குள் வர முடியாது. வாகனம் இல்லாதோர் கணிசமாக இருக்கும் ஊரில் உள்ளே வரும் தடம் ஒன்றைத் திறந்தே வைப்பதுதான் எங்கள் பரிந்துரை. நின்றுபோன வண்டியை இழுக்க மீட்பு வாகனத்தைச் சாலையோரத்தில் முன்பே நிறுத்தி வைப்பது குறைந்த செலவில் நிறைய நேரத்தை மீட்டுத் தரும்.

பேருந்தில் கூட்டாக

வாகனம் இல்லாதோரையும் ஓட்ட முடியாதோரையும் மிச்சம் என்று கடைசிப் பக்கத்தில் ஒதுக்கும் வழக்கம் மாற வேண்டும். கத்ரீனாவில் அவர்கள்தான் லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் சிக்கினார்கள். அவர்களை ஏற்றியிருக்கக்கூடிய பள்ளிப் பேருந்துகள் நிறுத்துமிடத்திலேயே மூழ்கின.

பேருந்து முறை ஒழுங்காக நடந்தால் எவ்வளவு வேகமானது என்பதற்குச் செர்னோபில் அணு உலைக்கு அருகே இருந்த ப்ரிப்யாத் நகரம் சான்று. 1986 ஏப்ரல் 27 பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி, சுமார் 1,200 பேருந்துகளில், 45,000க்கும் மேற்பட்டோரை மூன்று மணி நேர அளவில் நகரை விட்டு அகற்றினார்கள். அறிவிப்புக்கு முன்பே பேருந்துகள் அருகே வந்து காத்திருந்ததும், குடியிருப்பின் வாசலிலேயே ஏற்றியதும் அந்த வேகத்துக்குக் காரணம். ஆனால் உலை வெடித்து ஒன்றரை நாள் ஆன பிறகுதான் அந்த வெளியேற்றமே தொடங்கியது. தேவைப்படும் நேரத்தின் முதல் துண்டு மற்ற மூன்றையும் விழுங்கிவிடும் என்பதற்கும் இதுவே சான்று.

நம் கற்பனை ஊருக்குத் திரும்புவோம். வாகனமில்லாத 6,000 பேரில் பாதிப் பேர் உறவினர், அக்கம்பக்கத்தார் வண்டியில் போய்விட்டாலும் 3,000 பேர் மிஞ்சுவார்கள். மூட்டையோடு ஏறினால் பேருந்துக்கு 40 பேர், ஆக 75 நடை. முகாம் 30 கிலோமீட்டர் தொலைவில். ஏற்ற 20 நிமிடம், போக 45, இறக்க 15, காலியாகத் திரும்ப 45, ஒரு சுற்று 2 மணி 5 நிமிடம். கையில் 6 மணி நேரம் இருந்தால் ஒரு பேருந்து மூன்று நடை அடிக்கும், 25 பேருந்து போதும். இது தாளில். வெளியே போகும் சாலையில் நெரிசலால் வேகம் 10 கிலோமீட்டராகக் குறைந்தால் போக மட்டும் 3 மணி நேரம். இரண்டாம் நடை நேரத்துக்குள் முடியாது. அப்போது தேவை 75 பேருந்து. 25ஐ வைத்துக்கொண்டு தொடங்கிய ஊரில் 2,000 பேர் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருப்பார்கள்.

இதற்குத் தீர்வு கூடுதல் பேருந்து என்றுதான் முதலில் தோன்றும். அதைவிட நல்லது இரண்டு கட்டமாகப் பிரிப்பது. ஆபத்து எல்லையைத் தாண்டியவுடன், 8 கிலோமீட்டரில் ஒரு மைதானத்தையோ பெரிய கூடத்தையோ இறக்குமிடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏற்ற 20, நெரிசலிலும் போக 48, இறக்க 10, திரும்ப 12, ஒரு சுற்று 90 நிமிடம். 6 மணி நேரத்தில் நான்கு நடை, 19 பேருந்தில் வேலை முடியும். அங்கிருந்து முகாமுக்குப் போவதை வேறு வண்டிகள் நிதானமாகப் பார்த்துக்கொள்ளும். இறக்குமிடத்தைத் தேர்வதில் மட்டும் கவனம் வேண்டும்: ஆபத்தின் எல்லை விரியும். 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தில் வெளியேற்ற வட்டம் ஒரே நாளுக்குள் 3, 10, 20 கிலோமீட்டர் என்று வளர்ந்தது. முதல் வட்டத்தின் ஓரத்தில் இறங்கியவர்கள் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

இந்த வழி தோற்கும் இடங்கள் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கும். பள்ளி, மருத்துவமனை, முதியோர் இல்லம், ஊராட்சி என நால்வரும் ஒரே போக்குவரத்து நிறுவனத்தின் அதே 20 பேருந்தை நம்பி எழுதி வைத்திருப்பார்கள். எல்லா ஒப்பந்தங்களையும் ஒரே மேசையில் வைத்து, வண்டியின் பதிவெண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அரை நாள் வேலை. ஓட்டுநருக்கும் குடும்பம் உண்டு. அவர்கள் குடும்பத்தை முதல் நடையிலேயே ஏற்றிவிடுவதாகத் திட்டத்தில் எழுதிவிட்டால் வேலைக்கு வருவோர் எண்ணிக்கை கூடும். சக்கர நாற்காலியில் இருப்போர், படுக்கையில் இருப்போர், டயாலிசிஸ் செய்துகொள்வோர், ஆக்சிஜனை நம்பியிருப்போர் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர்களைச் சாதாரணப் பேருந்தில் அடுக்கக் கூடாது. ரீட்டாவின்போது முதியோரை ஏற்றிச் சென்ற பேருந்து தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். உள்ளே இருந்த சிலிண்டர்கள் அந்தத் தீயை வளர்த்தன.

நடந்து போகும் தூரத்தில் உயரமும் உறுதியும்

பல குழுக்கள் இதை ஏழையின் மாற்றுவழி போலப் பார்க்கின்றன. அது தவறு. தண்ணீரால் வரும் ஆபத்துகளில் அதிக உயிர்களைக் காத்தது இந்த வழிதான். வங்கதேசக் கரையில் 1970 புயல் குறைந்தது 3 லட்சம் பேரைப் பலிகொண்டது. 1991இல் சுமார் 1,40,000 பேர். அதன்பின் கரையோரமெங்கும் தூண்மேல் எழுப்பிய புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் பெருகின, மெகாஃபோனும் கொடியும் ஏந்தி வீடு வீடாகச் சொல்லும் தொண்டர் படை வலுப்பட்டது. 2007இல் சிதர் புயலில் இறந்தோர் 3,400 அளவில். 2020இல் அம்பான் வந்தபோது 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படிப்பட்ட இடங்களுக்குப் போனார்கள். அத்தனை பேரையும் நெடுஞ்சாலையில் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் இந்த வழியின் அருமை புரியும்.

1985 நவம்பர் 13 இரவு 9 மணிக்குச் சற்றுப் பிறகு கொலம்பியாவில் நெவாடோ தெல் ருயிஸ் எரிமலை வெடித்தது. ஆர்மேரோ நகரைச் சேற்று வெள்ளம் மூழ்கடிக்க இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. நடந்து போகும் தூரத்தில் மேடு இருந்தது. மக்களை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். 20,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அங்கே பேருந்தோ அகலச் சாலையோ தேவைப்படவில்லை. ஒரு சைரனும், எந்தப் பக்கம் ஏறுவது என்ற அம்புக்குறியும் போதுமாக இருந்திருக்கும்.

இந்த வழி தோற்பது உயரக் கணக்கில்தான். 2011 சுனாமியில் ஜப்பானில் அதிகாரபூர்வமாகக் குறித்த ஒதுங்கிடங்களே பல மூழ்கின. மினாமிசன்ரிகு ஊரில் பேரிடர் தடுப்புக்கென்றே கட்டிய மூன்று மாடிக் கட்டடத்தின் கூரையையும் அலை தாண்டியது. ஆகவே ஒதுங்கிடத்துக்கு மேலே போக இன்னொரு வழி இருக்க வேண்டும். கட்டடத்தைவிட மலைச்சரிவு நல்லது, அலை எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்தாலும் ஏறிக்கொண்டே இருக்கலாம்.

கட்டடம்தான் என்றால் பார்க்க வேண்டியவை: அடித்தளத்தை நீர் அரிக்காத ஆழம், நீர் தடையின்றிப் பாயத் திறந்த கீழ்த்தளம், வெளிப்புறமாகவே ஏறும் அகலப் படி, இரவிலும் பூட்டாத கதவு. சாவி யாரிடம் என்ற கேள்வி ஒரு ஊரின் உயிரைத் தீர்மானித்துவிடும், அதனால் சாவியே தேவைப்படாத கதவு வேண்டும். சில மணி நேரம் ஒதுங்க ஆளுக்கு 1 சதுர மீட்டர் போதும். நாள்கணக்கில் தங்குவதானால் நிவாரண முகாம்களுக்கான பன்னாட்டு ஸ்பியர் அளவுகோல் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்கிறது. குடிநீரும் கழிப்பறையும் வெள்ளத்துக்கு மேலே உள்ள தளத்தில் இருக்க வேண்டும். பெண்களுக்குத் தனி இடமும் விளக்கும் இல்லையென்றால் பலர் வரவே மாட்டார்கள். கால்நடைகளுக்கு மண்மேடு இல்லையென்றால் அவற்றை வளர்ப்போர் வர மாட்டார்கள். இவற்றைச் சலுகை என்று நினைக்கக் கூடாது. வருவோர் எண்ணிக்கை இவற்றைப் பொறுத்தது.

நடை வேகத்தைச் சராசரி ஆளை வைத்துக் கணக்கிடாதீர்கள். வினாடிக்கு 1 மீட்டர் நடப்பவர் 10 நிமிடத்தில் 600 மீட்டர் போவார். கைத்தடி ஊன்றும் முதியவர் பாதி தூரம்தான் போவார், மாடிப்படியில் இன்னும் குறைவு. ஒதுங்கிடங்களின் இடைவெளி அந்த முதியவரின் எல்லையை ஒட்டி அமைய வேண்டும்.

தீக்கும் இதன் ஒரு வடிவம் உண்டு. பாரடைஸில் சாலை அடைபட்ட பிறகு, எரிய எதுவுமில்லாத வாகன நிறுத்துமிடங்களிலும் திறந்த வெளிகளிலும் மக்களை நிறுத்தித் தீயணைப்பு வீரர்கள் நூற்றுக்கணக்கானோரைக் காத்தார்கள். அந்த இடங்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டவை. புதர் அகற்றி, பலகை நட்டு, முன்பே குறித்து வைக்க முடியும்.

இருந்த இடத்திலேயே

குளோரின் போன்ற வாயு சட்டென்று கசிந்தால் வெளியே ஓடுவது வாயுக்குள்ளேயே ஓடுவதாக முடியலாம். உள்ளே போய், ஏ.சி.யையும் காற்றோட்ட விசிறியையும் நிறுத்தி, கதவிடுக்கை ஈரத்துணியால் அடைத்து, மேல் மாடியில் இருப்பது மேல். குளோரின் காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும். அடைத்த அறையும் ஓரிரு மணி நேரத்துக்குத்தான். மெதுவாக உள்ளே புகுந்த வாயு, வெளியே மேகம் கலைந்த பின்னும் தங்கியிருக்கும். அதனால் "இனி கதவைத் திறந்து வெளியே வாருங்கள்" என்ற இரண்டாவது அறிவிப்பு முதலாவதைப் போலவே முக்கியம். பல திட்டங்களில் அது இல்லவே இல்லை. கசிவு மெதுவாகவும் நீண்டும் இருக்குமென்றால் வெளியேற்றமே சரி. 1979 நவம்பரில் கனடாவின் மிசிசாகாவில் குளோரின் ஏற்றிய ரயில் தடம்புரண்டபோது 2 லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஓர் உயிரிழப்பும் இன்றி அகற்றினார்கள்.

மருத்துவமனை, முதியோர் இல்லம் பற்றிய முடிவுதான் மிகக் கடினம். ஃபுகுஷிமாவில் அவசரமாக அகற்றப்பட்ட நோயாளிகளிலும் முதியவர்களிலும் 50க்கும் மேற்பட்டோர், கதிர்வீச்சால் அல்ல, பயணத்தின்போதோ அதையொட்டியோ இறந்தார்கள். மறுபுறம், 2017இல் இர்மா சூறாவளியின்போது புளோரிடாவில் ஒரு முதியோர் இல்லத்தில் குளிர்சாதன வசதி நின்றுபோய், வெப்பம் தாங்காமல் 12 பேர் இறந்தார்கள். ஆக, தங்குவது என்று முடிவெடுத்தால் வெள்ளத்துக்கு மேலே வைத்த ஜெனரேட்டர், குளிர்விப்பும் சேர்த்துத் தாங்கும் திறன், குறைந்தது 96 மணி நேர எரிபொருள் ஆகியவை அந்த முடிவின் பகுதி. அவை இல்லாத கட்டடத்தில் தங்குவதை முடிவு என்று சொல்ல முடியாது. அங்கே இருப்போரை மற்றவர்களுக்கு ஒரு நாள் முன்பே, வானம் தெளிவாக இருக்கும்போதே, படுக்கையும் செவிலியரும் தயாராக உள்ள இடத்துக்கு மாற்ற வேண்டும்.

எதைத் தேர்வது

12 மணி நேரத்துக்கு மேல் கையில் இருந்து, ஒரு சாலை போனாலும் தேவைப்படும் நேரம் அதற்குள் அடங்கினால், சொந்த வாகனமும் பேருந்தும் சேர்ந்த வெளியேற்றம் சரி. முதலில் மருத்துவமனை, அடுத்து பேருந்து, கடைசியில் சொந்த வண்டிகள் என்ற வரிசையில் போகலாம். 3 முதல் 12 மணி நேரம் இருந்தால் ஆபத்தின் முன்வரிசைப் பகுதி மட்டும் பேருந்தில் 8 கிலோமீட்டர் இறக்குமிடத்துக்குப் போகட்டும், மற்றவர்கள் அருகிலுள்ள உறுதியான கட்டடங்களுக்குப் போகட்டும். 3 மணி நேரத்துக்குக் கீழே என்றால் நீருக்கு மேடு, தீக்குத் திறந்தவெளி. நிமிடக் கணக்கில் என்றால், வாயுவுக்கு மூடிய அறை, சுனாமிக்கு யாரையும் எதிர்பாராமல் மேலே ஓடுவது. இந்த எல்லைகளை அவரவர் ஊர்க் கணக்கை வைத்துத் திருத்திக்கொள்ள வேண்டும். தண்ணீரும் தீயும் ஒரே அட்டவணைக்குள் அடங்காது.

ஆனால் ஒரே வழியை மட்டும் எழுதி வைத்த திட்டத்துக்கு நாங்கள் எந்த ஊரிலும் உடன்பட மாட்டோம். முதல் வழி மூடும் மணியும், அந்த மணியில் திறக்கும் இரண்டாம் வழியும் சேர்த்து எழுதப்பட வேண்டும். "மாலை 4 மணிக்குப் பிறகு சாலையில் யாரையும் ஏற்றாதே, நிறுத்தத்தில் நிற்போரைப் பள்ளியின் இரண்டாம் மாடிக்கு அனுப்பு" என்பது போல. அந்த மாடியில் தண்ணீரும் விளக்கும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சாலையில் சிக்கியவர்கள் ஒதுங்க வழிநெடுக எந்தக் கட்டடம், எந்தத் திறந்தவெளி என்பதும் குறிக்கப்பட வேண்டும்.

இவ்வளவையும் கடைசியில் ஒரே தாளில் கொண்டுவர வேண்டும். ஆற்றின் எந்த அளவில், காற்றின் எந்த வேகத்தில், தீ எந்த முகட்டைத் தாண்டினால் எந்த உத்தரவு. உத்தரவிடும் பதவி எது, அவர் கிடைக்காவிட்டால் அடுத்த இருவர் யார். அந்த மூவரில் எவரும் மேலிடத்தைக் கேட்காமல் கையெழுத்திடலாம் என்ற அதிகாரம் அதே தாளில் எழுத்தில் இருக்க வேண்டும். இரவு 2 மணிக்கு முன்னறிவிப்பின்றி ஒருமுறை அந்தத் தாளை வைத்து ஒத்திகை பாருங்கள். தொலைபேசியை எடுக்காதவர் யார், காலாவதியான எண் எது, பூட்டியிருக்கும் கதவு எது என்பது விடிவதற்குள் தெரிந்துவிடும்.